பாகு வாசம்

என் கைதான். வேறு என்னவாக இருக்க முடியும். இருபது வருஷம் சீனிப்பாகில் கிடந்த கை, இருபத்தாறு நாள் சும்மா இருந்துவிட்டால் வாசம் விட்டுவிடுமா என்ன. தோலுக்குள் ஏறியிருக்கும், நகக்கண்ணில் ஒளிந்திருக்கும். இடது கையை மோந்து பார்க்கிறேன். வேப்பம் சோப்பு. வலது கையில் பிள்ளையின் தலை கிடக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்கட்டில் குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் இப்போதுதான் கேட்டது. அக்கா நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு, "சூடு பாத்து ஊத்திக்க ரேணு, அவசரப்படாத" என்று சொல்வதும் கேட்டது. பிரசவமாகி இன்று ஐந்தாம் நாள். என் மனைவி ரேணுகா குளித்து உடுத்தி வர அரைமணி ஆகும். அந்த அரைமணிக்குப் பிள்ளை என் பொறுப்பு. "கொஞ்சமாத்தான் குடிச்சா, தூங்கிட்டா. சும்மா மடியில வச்சிருங்க மாமா, அது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சும்மாதான் வைத்திருந்தேன். ஃபேன் காற்றில் அந்த வாசம் ஒரு தடவை வந்தது, போனது. மைசூர்பாகு இறக்கப் போகிற நேரத்து வாசம். சீனி இன்னும் கருகவில்லை, ஆனால் அரை நிமிஷம் விட்டால் கருகிவிடும் என்கிற இடம். கோவில்பட்டிக் கடையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அந்த இடத்தைப் பிடித்துவிடுவேன். என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதே அந்த மூக்குக்காகத்தான். இப்போது அந்த மூக்கை அறுத்துத் தூரப் போட்டால் தேவலை என்றிருக்கிறது.

நிதானமாக யோசிக்க வேண்டும். சட்டை புதுசு, போன வாரம் இந்த அருப்புக்கோட்டை பஜாரில் எடுத்தது. பழைய சட்டை ஒன்றைக்கூட இந்த வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கைலியும் புதுசு. நகத்தை ஒட்ட வெட்டி, வெட்டியதற்கு மேலும் வெட்டி, இரண்டு விரலில் ரத்தம் வந்தது. டீக்குக்கூட சீனி போடுவதில்லை. அக்கா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "என்னடா தம்பி, சுகர் வந்துருச்சா? ஊருக்கெல்லாம் இனிப்புப் போட்டுட்டு நீ மட்டும் தப்பிச்சிரலாம்னு பாத்தியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கடை முதலாளியிடம் தோள்பட்டை வலி என்றேன். ரேணுகாவிடம், கடையில் அடுப்பைப் பிரித்துக் கட்டுகிறார்கள், ஒரு மாசம் பூட்டு என்றேன். இரண்டுமே பொய். பிள்ளை பிறந்ததும் மோந்து பார்க்க வேண்டும், அப்போது என் மேல் ஒரு பொட்டு இனிப்பு வாசம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் திட்டம். பாகைப் பதம் பார்க்கிறவன் போட்ட திட்டம். பிறந்த அன்று மோந்தேன், ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஆட்டோவில் ஏதோ வாசம் அடித்த மாதிரி இருந்தது, ஆட்டோக்காரன் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் நிஜமாகவே தின்றானா? வாய் அசைந்துகொண்டிருந்தது. வெற்றிலையாகவும் இருக்கலாம். நேற்று சளி பிடித்த மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தேன், சளி எதுவும் இல்லை. நேற்றெல்லாம் பிள்ளையை நான் தூக்கவே இல்லை. முடி வெட்டப் போகிறேன் என்று மத்தியானம் வெளியே போய், வெட்டி முடித்த பிறகும் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பிள்ளைக்கும் இதே வாசம்தான். ஆண் பிள்ளை. இரண்டு வருஷமாகிறது. இதே வீடு, இதே கட்டில், இதே ஃபேன். அப்போது நான் தினமும் வேலை முடிந்து கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவேன், கால்கூடக் கழுவாமல் பிள்ளையிடம் ஓடுவேன். "கையைக் கழுவிட்டுத் தூக்குங்க மாமா, புள்ள மேல பூரா பாகு வாசம்" என்று ரேணுகா கோபித்துக்கொள்வாள். கழுவிவிட்டுத் தூக்கினாலும் வாசம் இருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், பெருமைதான். "எம் புள்ள எம் வாசத்தோடயே பொறந்திருக்கான்" என்று கடையில் எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி துணியை மாற்றும்போது மூக்கைச் சுளித்து, "வெந்தயம் சாப்பிடுறீங்களா? அதான், புள்ளைக்கும் அந்த வாசம் வருது" என்றாள். அக்கா தினமும் காலையில் வெந்தயக் களி கிண்டிக் கொடுப்பாள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, பால் ஊறுவதற்கு. ஆக, ஒரு வாசத்துக்கு இரண்டு காரணம் கைவசம் இருந்தது. என் கை, அவள் களி. மூன்றாவது காரணத்தை யார் தேடப் போகிறார்கள். ஆறாம் நாள் பிள்ளை பால் குடிப்பதை விட்டான். ஏழாம் நாள் கால்களை மாற்றி மாற்றி மிதித்தான். மல்லாக்கப் படுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற மாதிரி, மெதுவாக, நிறுத்தாமல். நான்தான் சிரித்தேன். போனில் படம்கூட எடுத்தேன். "பாரு ரேணு, இப்பவே சைக்கிள் மிதிக்கிறான், கோவில்பட்டிக்கு என்னைப் பாக்க வாரான்." அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது, அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. எட்டாம் நாள் ஒரு அலறல், பிள்ளை அழுகிற மாதிரியே இல்லை. ஒன்பதாம் நாள் மதுரைக்கு ஓடினோம். பதினோராம் நாள் திரும்பி வந்தோம். பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பேபி ஆஃப் ரேணுகா என்று இருந்தது, அந்தப் பெயரோடுதான் போனான். இவளுடைய காகிதத்திலும் அதே பெயர்தான் இருக்கிறது.

வெந்தயம். ஆமாம், வெந்தயம் இருக்கிறதே. இன்று காலையிலும் அக்கா களி கிண்டினாள். அடுப்படியில் இன்னும் அந்த வாசம்தான் இருக்கும். ரேணுகா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் காற்றில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று போனாள், காலியாகக் கொண்டுவந்து வைத்தாள். நான் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். மதுரை டாக்டரே சொல்லியிருக்கிறாள், வெந்தயத்திலும் பையனைக் கொண்டுபோன அந்த நோயிலும் இருப்பது ஒரே வாசனைப் பொருள்தான், தாய் வெந்தயம் சாப்பிட்டால் நல்ல பிள்ளை மேலும் அந்த வாசம் அடிக்கும், பெரிய பெரிய டாக்டர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்று. நல்ல பிள்ளை மேலும். இந்த மூன்று சொல்லையும் வாயில் போட்டு மிட்டாய் மாதிரி ஒதுக்கிக்கொள்கிறேன். நல்ல பிள்ளை மேலும். மடியில் கிடக்கிறவளின் கன்னம் சிவப்பாக இருக்கிறது, விரல் பத்தும் இருக்கிறது, தூங்குகிறாள். தூங்குகிற பிள்ளையைப் போய்ச் சந்தேகப்படலாமா. ஆனால் எத்தனை மணியிலிருந்து தூங்குகிறாள்? ஆறு மணிக்குக் கொஞ்சம் குடித்தாள். எட்டரைக்கு எழுப்பித்தான் கொடுத்தாள் ரேணுகா, உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி. இப்போது பத்து. முதல் இரண்டு நாள் இவள் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டு ஆள் வந்து எட்டிப் பார்த்தார். இன்று சத்தமே இல்லை. பெண் பிள்ளை சமர்த்து என்று அக்கா சொல்கிறாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஒரு செம்பு. இன்னொரு செம்பு.

டாக்டர் பெயர் ஷெரின். நாகர்கோவில் பக்கம், என்னைவிடச் சின்னவள். பையன் போய் எட்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, என்னை மட்டும் வரச் சொன்னாள். மேஜை மேல் ஒரு காகிதத்தைப் போட்டு பேனாவால் வட்ட வட்டமாக வரைந்தாள், மணிமாலை மாதிரி. "நாம சாப்பிடுற பருப்பு, பால், முட்டை எல்லாத்துலயும் புரதம்னு ஒண்ணு இருக்கு அண்ணே. அது இந்த மாலை மாதிரி. உடம்பு மாலையை அறுத்து, மணி மணியா எடுத்து, தனக்கு வேண்டிய மாலையைக் கோர்த்துக்கும். சதை, ரத்தம், முடி, எல்லாம் அப்படிக் கோர்த்ததுதான். மிச்ச மணிகளை எரிச்சிரும். மொத்தம் இருபது வகை மணி. அதுல மூணு வகையை எரிக்கிற அடுப்பு உங்க பையன்கிட்ட இல்ல. எரியாத மணி ரத்தத்துல தேங்கித் தேங்கி மூளைக்குப் போயிருச்சு." லியூசின், ஐசோலியூசின், வேலின். ஒரே வீட்டில் பிறந்த மூன்று பெண்கள் பெயர் மாதிரி இருந்தது. இருபது வருஷமாக அடுப்போடு இருக்கிறேன், எனக்கு அடுப்பு புரியும், அதனால் அவள் சொன்னது புரிந்துவிட்டது. புரியாமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "தாய்ப்பால்லயுமா அது இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கு." "அப்ப பாலை நிறுத்தியிருந்தா?" அவள் பேனாவை மூடினாள். "நிறுத்தினா உடம்பு சும்மா இருக்காது அண்ணே. பசிக்குத் தன் சதையையே அறுத்து எரிக்கப் பாக்கும். அந்த மாலையிலயும் இதே மூணு மணி இருக்கு. பால் குடுத்தாலும் சேரும், பட்டினி போட்டாலும் சேரும்." பிறகு என்னதான் கொடுப்பது என்றேன். அந்த மூன்றும் இல்லாமல் செய்த ஒரு பால்பொடி வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். அது கைக்கு வருகிறவரை வெறும் சர்க்கரைதான், ஊசி வழியாக, அதுவும் இல்லாத இடத்தில் சீனித் தண்ணீர், உடம்பு தன் சதையில் கை வைக்காமல் இருக்க. நோய்க்கு இங்கிலீஷில் ஏதோ வெளிநாட்டு மரத்துப் பாகின் பெயரை வைத்திருக்கிறார்களாம். என்னைக் கேட்டிருந்தால் சரியான பெயர் சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் கழுத்தில் கிடக்கிற கல். "உங்களுக்கும் உங்க மிஸஸுக்கும் ஆளுக்கு ஒரு அடுப்பு கெட்டது, ஒரு அடுப்பு நல்லது. நல்லது ஒண்ணு இருக்கிறதால உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரோட கெட்டதும் ஒரே பிள்ளைக்கு வந்துட்டா இப்படி ஆகும். சொந்தமா?" அக்கா மகள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நாலுல ஒரு பிள்ளைக்கு வரலாம் அண்ணே. அடுத்து உண்டானா மூணாவது மாசத்துக்குள்ள இங்க வந்துருங்க, டெஸ்ட் இருக்கு. இல்லைன்னா பிறந்த அன்னைக்கே வரணும், முதல் நாள்லயே பிடிச்சிட்டா பிழைக்க வைக்கலாம்." நாலில் ஒன்று. எனக்குத் தெரிந்த கணக்கு தட்டுக் கணக்கு. நாலு தட்டில் ஒரு தட்டு மைசூர்பாகு முறுகிப் போனால் மிச்சம் மூன்றும் நல்ல தட்டு. ஒன்று போய்விட்டது, இனி வருகிற மூன்றும் நல்லதுதானே என்று கேட்டேன். "அப்படி இல்லண்ணே. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணு" என்றாள், நிறுத்தி, இரண்டு தடவை. காது கேட்டது. மனது தட்டுக் கணக்கையே பிடித்துக்கொண்டது. கோவில்பட்டி வரும்வரை பஸ்ஸில் மூன்று நல்ல தட்டு, மூன்று நல்ல தட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் காகிதத்தைக் கடையில் தராசுக்குப் பின்னால் செருகினேன். இன்னும் அங்கேதான் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி.

ஏன் சொல்லவில்லை. இதை நூறு தடவை என்னிடமே கேட்டுவிட்டேன், நூறு தடவையும் ஒரே பதில், பயம். எனக்கு ஒன்பது வயதில் அம்மா செத்துப்போனாள். பஞ்சவர்ணம் அக்காதான் என்னைப் புருஷன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தாள். நான் வந்த இரண்டாம் வருஷம் ரேணுகா பிறந்தாள். அவளையும் இதே மடியில்தான் வைத்திருந்தேன், பதினோரு வயதுப் பயலின் மடி, "தலையைப் பிடிடா, தலையைப் பிடிடா" என்று அக்கா கத்துவாள். அப்போதே அக்கா சொல்லிவிட்டாள், எந் தம்பிக்குத்தான் எம் பொண்ணு, வேற எவளும் இந்த வீட்டுக்குள்ள வந்து எங்களைப் பிரிக்கக் கூடாது என்று. ரேணுகா நர்ஸிங் படிக்கிறேன் என்று அழுதபோதும் அதையேதான் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. இப்போது அந்த அக்காவிடம் போய், நீ ஆசையாகச் சேர்த்துவைத்ததுதான் உன் பேரனைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்ல. கெட்ட அடுப்பு அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ எனக்கும் அக்காவுக்கும் வந்திருக்கிறது, அக்காவிடமிருந்து ரேணுகாவுக்குப் போயிருக்கிறது. யாரும் தெரிந்து செய்யவில்லை. ஆனால் ரேணுகாவுக்குச் சொன்னால் அவள் என்னைப் புருஷனாகப் பார்ப்பாளா, வேறு எப்படிப் பார்ப்பாள். அடுத்து உண்டானபோது இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று மூன்றாவது மாசம் தாண்டியது. தாண்டியதும் ஒரு நிம்மதிகூட வந்தது, சண்டாளன். பிறந்த அன்றைக்கே மதுரைக்குப் போயிருக்கலாம். போகாமல் இங்கே மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கப் போகிற மாஸ்டர்.

தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது. துவட்டுகிறாள் போலிருக்கிறது. அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் தலையை மெதுவாக இடது கைக்கு மாற்றி வலது கையை மோந்தேன். சோப்பு. உள்ளங்கை, விரலிடுக்கு, எல்லாம் சோப்பு, கொஞ்சம் பிள்ளைப் பவுடர். தலைமுடியை மோந்தேன், எண்ணெய். நெற்றியில் மைப்பொட்டு வாசம். வாயில் பால். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். ஷெரின் சொல்லியிருந்தாள், மூத்திரத்தில் தெரிவதற்கு முன்னாலேயே காதுக் குறும்பியில் அந்த வாசம் வந்துவிடும் என்று. காது எவ்வளவு சின்னது, ஒரு முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும். ஓரத்தில் மெல்லிய முடி. குனிந்தேன். குனிந்து, மூச்சை உள்ளே இழுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். மூச்சை இழுக்காதவரை இவள் நல்ல பிள்ளை. அக்கா அடுப்படியில் எதையோ தாளித்தாள், கடுகு வெடித்தது. வெளியே குடம் வியாபாரி கூவிக்கொண்டு போனான். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் மூச்சைப் பிடிப்பான். இழுத்தேன். உருளியிலிருந்து நேராக வருகிற மாதிரி வந்தது. இரட்டைக் கம்பிப் பதம் தாண்டி, நிறம் மாறி, இறக்கு இறக்கு என்று கத்த வேண்டிய இடம்.

வெந்தயம். வெந்தயம்தான். தினமும் ஒரு கிண்ணம் களி சாப்பிடுகிறவளின் பால் குடிக்கிற பிள்ளைக்கு வேறு எப்படி வாசம் அடிக்கும். நல்ல பிள்ளை மேலும் அடிக்கும் என்று டாக்டர் தன் வாயால் சொன்னாளே. இன்னும் இரண்டு நாள் களியை நிறுத்தச் சொல்லிப் பார்ப்போம். என்ன காரணம் சொல்லி நிறுத்தச் சொல்ல? சூடு என்று சொல்லலாம், வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லலாம். இரண்டு நாளில் வாசம் போய்விடும். போய்விட்டால் நான் சாகிறவரை இதைப் பற்றி யாரிடமும் பேசப் போவதில்லை. இரண்டு நாள் என்றால் ஏழாம் நாள். ஏழாம் நாள் அவன் மிதித்தான். இல்லை, அதெல்லாம் யோசிக்கக் கூடாது, வெந்தயம்தான்.

ரேணுகா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். கதவை உள்பக்கம் சாத்தினாள். அதை ஏன் சாத்துகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள், பிள்ளையை வாங்கவில்லை. குனிந்து, நான் மோந்த அதே காதை மோந்தாள்.

"மாமா, நேத்து மத்தியானம் கோவில்பட்டிக்குப் போனீங்களா?"

"இல்லையே. முடி வெட்டத்தான் போனேன்."

"பொய் சொல்லாதீங்க. கடைக்குப் போயி அடுப்புல நின்னுட்டு வந்திருக்கீங்க. போனேன்னு சொல்லுங்க மாமா."

"போகல ரேணு. இருபத்தாறு நாளா சீனியத் தொடல."

"போனேன்னு சொல்லுங்க" என்றாள் மறுபடியும். கோபம் இல்லை, கெஞ்சினாள். எனக்கு அப்போதுகூட ஆசை விடவில்லை. "அக்கா குடுக்கிற களிதான் ரேணு. நீ தினமும் வெந்தயம் சாப்பிடுறேல்ல, அதான் வாசம். நாளையிலருந்து நிறுத்திப் பாப்போம்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"நான் ஒரு வாய்கூட சாப்பிடல மாமா. அஞ்சு நாளும் பின்கட்டுல பப்பாளி மரத்துக்கு அடியிலதான் கொட்டினேன்."

வாசத்துக்கு இருந்த இரண்டு காரணத்தில் என் கையை நான் கழித்துக்கொண்டேன், அவள் களியை அவள் கழித்துக்கொண்டாள். ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே வீட்டில்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டரம்மா போன் பண்ணாங்க. சார்ஜ்ல போட்டுட்டுக் கடைக்குப் போயிட்டீங்க, நான் எடுத்தேன். அடுத்து உண்டாகியிருக்கா, வாரீங்களான்னு கேட்டாங்க. எல்லாம் சொன்னாங்க. அப்ப எனக்கு ஏழாம் மாசம்." கண்ணைத் துடைக்கவில்லை, கண் காய்ந்துதான் இருந்தது. "நீங்களா சொல்வீங்கன்னு தினமும் பாத்தேன் மாமா. ராவும் பகலும் பாத்தேன். நீங்க சீனி போடாத டீயைக் குடிச்சிட்டுப் பேசாம இருந்தீங்க. அப்புறம் எனக்கும் பயமாயிருச்சு. சொல்லாம இருந்தா வராதுன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்."

மன்னிச்சிரு என்ற வார்த்தை வாய்வரை வந்தது, அதற்கெல்லாம் இப்போது என்ன விலை என்று உள்ளேயே போய்விட்டது. அவள் மார்புப் பக்கம் ரவிக்கை நனைந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. குளித்த ஈரம் என்று முதலில் நினைத்தேன்.

"பால் கட்டி வலிக்கி மாமா. குடுக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

கொடுத்தால் அந்த மூன்று மணி. கொடுக்காவிட்டால் இவ்வளவு சின்ன உடம்பு தன்னையே அறுத்துக்கொள்ளும், அதிலும் அதே மூன்று மணி. வருஷக்கணக்கில் எனக்குத் தெரிந்த ஒரே பதில் பேசாமல் இருப்பது. "இரு" என்று மட்டும் சொல்லிப் பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினேன். சீனி டப்பாவைத் திறந்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, "ஆகா, சீனி போட ஆரம்பிச்சிட்டானா எந் தம்பி" என்றாள். ஆமாக்கா என்றேன். மூன்று கரண்டி போட்டுக் கலக்கினேன், கொஞ்சம் விரலில் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. பிள்ளைக்குப் புகட்டுகிற சங்கையும் எடுத்துக்கொண்டு வரும்போதே தெருமுனை ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டு, மதுரைக்குப் போகணும், உடனே கார் ஒன்று பிடித்து அனுப்பு என்றேன். ரத்தம் எடுத்து அனுப்பி முடிவு வர எட்டு நாளுக்கு மேல் ஆகும். பால்பொடி எந்த ஊரில் இருக்கிறதோ.

ரேணுகா பிள்ளையின் உதட்டை விரலால் விலக்கிப் பிடித்தாள். சங்கைச் சாய்த்தேன். முதல் சொட்டுக்கு உதடு அசைந்தது, "குடிக்கிறா மாமா" என்றாள். இரண்டாவது வாயிலேயே நின்றது. மூன்றாவது கடைவாயில் வழிந்து கன்னம் தாண்டிக் காதுப் பக்கம் போனது. ரேணுகா முந்தானையால் துடைத்து, துடைத்த துணியை மூக்குக்குக் கொண்டுபோய், பாதியிலேயே கீழே விட்டாள். மறுபடியும் சாய்த்தேன். மறுபடியும் வழிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா சாம்பிராணிக் கரண்டியோடு உள்ளே வந்தாள், புகை அவளுக்கு முன்னால் வந்தது. பிள்ளையின் கால் போர்வைக்குள் லேசாக அசைந்தது. வலது கால், பிறகு இடது கால், பிறகு வலது கால்.

"அடியேய், பாருங்களேன், எம் பேத்தி சைக்கிள் மிதிக்கிறா" என்று அக்கா வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

ரேணுகா போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் ஒரே கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்குள்ளேயும் அவை மிதித்துக்கொண்டிருந்தன.